மூன்றாம் முறை தட்டும்வரை

நாங்கள் அந்த வயலுக்குள் எங்கள் வான் வண்டியை இறக்கியபோது பிற்பகல் மூன்றரை மணி. ஜனவரியில் வடகடல் ஓரத்தில் மூன்றரை என்றால் பாதி இருட்டு. கடல் உள்ளே வராமல் கட்டிய மண் அணை வயலின் ஓரமாக நீளத்துக்குக் கிடந்தது. அணைக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் பனி உறைந்த புல், தொலைவில் ஒரு பண்ணைவீடு. வேறு ஒரு வாகனம்கூட இல்லை.

"இதுதான் இடம், நிப்பாட்டுங்கோ" என்றாள் என் மனைவி கொறற்றி. மடியில் அவளுடைய பறவைப் புத்தகம் விரிந்து கிடந்தது.

நான் வின்சன்ற். மன்னாரில் பிறந்தவன். கப்பலில் வந்து ஹம்பேர்க்கில் இறங்கி, துறைமுகப் பட்டறை ஒன்றில் இருபத்தொரு வருடம் டீசல் எஞ்சின்களோடு மல்லுக்கட்டி, முதுகு போனபிறகு ஓய்வூதியத்தில் வீட்டுக்கு வந்தவன். கொறற்றி ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில், நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில் பதினாறு வருடம் வெள்ளைத் துணி மடித்தவள். ஓய்வு கிடைத்ததும் அவளுக்கு ஆகாயம் வேண்டியிருந்தது. எனக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாது. அதனால் பதினெட்டு வயதான ஒரு வோன்மொபில் வாங்கினேன். கட்டில், அடுப்பு, அலுமாரி எல்லாம் உள்ளேயே இருக்கும் வான். எங்கள் மகள் லவினியா அதைச் சில்லுப் பூட்டின தகரப்பெட்டி என்பாள். அவள் சொன்னதில் பிழையில்லை. ஒவ்வொரு பயணத்திலும் அது ஏதாவது ஓர் உறுப்பைக் கழற்றி என் கையில் தரும். தண்ணீர்ப் பம்ப், கிளச் கேபிள், பிறகு பக்கக் கதவின் கொழுவி. அந்தக் கதவை அடித்துச் சாத்தினால் சாவியில்லாமல் வெளியிலிருந்து திறக்காது. அதைத் திருத்துகிறேன் என்று கொறற்றிக்கு மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாரி தொடங்குகிற நேரம் பார்த்து ஹைசுங் செத்தது. காஸில் எரிகிற சூடாக்கி. புதிது வாங்கு என்றார்கள். புதிது வாங்கிப் பூட்ட எதற்கு ஒரு மெக்கானிக்? பழைய வாகனங்களை உடைக்கும் யாட் ஒன்றில் சிறீதரன் என்ற யாழ்ப்பாணத்துப் பொடியன் வேலை செய்தான். பொடியன் என்றாலும் நாற்பது வயது, தலையில் பாதி நரை. அவனுடைய யாட்டின் மூலையில் எங்கள் வானின் அதே கம்பனி, அதே வருடத்து வண்டி ஒன்று நின்றது. ஜன்னலில் திரைச்சீலை அப்படியே தொங்கியது.

"அண்ணை, அதில கை வைக்காதேங்கோ," என்றான் சிறீதரன். "ரெண்டு வயது போன ஆக்கள் அதுக்குள்ள செத்ததாம். பொலிஸ் சீல் ஒட்டித்தான் இஞ்ச வந்தது."

"செத்தது ஆக்கள்தானே. ஹைசுங் இல்லையே," என்றேன் நான்.

அந்தப் பகிடியை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

ஹைசுங்கைக் கழற்றும்போது அதன் உள்தகட்டில் ஒரு மயிரளவு வெடிப்பு கண்டேன். எரிந்த புகையை வெளியே கொண்டுபோகிற பாகம் அது. பசை வைத்து அடைத்தேன். இருபத்தொரு வருடத்தில் நான் அடைத்த எந்த வெடிப்பும் திரும்பத் திறந்ததில்லை. வரும்போது, அந்த வண்டியின் சின்ன மேசையில் கிடந்த பறவைப் புத்தகத்தையும் எடுத்து வந்தேன். சிறுவாத்து முதல் கழுகு வரை படத்தோடு இருந்தது. பக்கத்தின் ஓரங்களில் யாரோ பென்சிலால் திகதியும் ஊர்ப் பெயரும் பொடியாக எழுதியிருந்தார்கள்.

ஹைசுங் புதுசு என்று கொறற்றிக்குச் சொன்னேன். புத்தகம் ஞாயிற்றுச் சந்தையில் வாங்கியது என்றேன். இரண்டும் பொய்.

அவள் அந்தப் புத்தகத்தில் விழுந்துவிட்டாள். பென்சில் குறிப்புகள் அதிகமாக இருந்த ஊர் எது என்று எண்ணிப் பார்த்து, அங்கே போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அப்படித்தான் அந்த வயலுக்கு வந்து சேர்ந்தோம். நானே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வயலுக்குச் சொந்தக்காரி பிறாவ் ஹான்சன், அதாவது திருமதி ஹான்சன், ரப்பர் சப்பாத்தோடு வந்து வானைச் சுற்றிப் பார்த்தாள். நல்ல மனுசி, ஆனால் முகத்தில் ஏதோ ஒரு சங்கடம்.

"ஹைசுங் போட்டுத்தானே படுப்பீர்கள்?" என்று கேட்டாள். "ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். மறக்காதீர்கள்."

"நான் மெக்கானிக்," என்றேன். அவள் வேறு ஒன்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இருட்டுவதற்கு முன்னால் காட்டு வாத்துகள் வந்தன. முதலில் சத்தம், நாய்க்கூட்டம் குரைப்பதுபோல. பிறகு அணைக்கு மேலாக வரிசை வரிசையாக, ஆயிரக்கணக்கில். வெள்ளை முகம், கறுப்புக் கழுத்து. ஜெர்மன்காரர் அதற்குக் கன்னியாஸ்திரி வாத்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொறற்றிக்கு அது பெரிய சந்தோசம். "இஞ்சருங்கோ, சிஸ்ரர்மார் எல்லாம் பூசைக்கு வாறமாதிரி வருகினம்," என்றாள். சிவந்த மூக்கோடு குழந்தைபோலச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அந்தத் தகரப்பெட்டியை இழுத்துக்கொண்டு திரிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வயல் முழுக்க வாத்துகள் இறங்கின. எங்கள் வானைச் சுற்றி மட்டும் பெரிய வட்டமாக வெறும் புல் கிடந்தது. ஒன்றுகூட அதற்குள் கால் வைக்கவில்லை.

"அணையில ஒரு அம்மா நிக்கிறா," என்றாள் கொறற்றி பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி.

பார்த்தேன். சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவி. கழுத்தில் அவளுக்கும் ஒரு பைனாகுலர் தொங்கியது. கொறற்றி கையை உயர்த்தினாள். கிழவியும் உயர்த்தினாள்.

"பறவை பாக்க வந்தவ போல," என்றேன்.

"இல்லை. அவ எங்களைத்தான் பாக்கிறா."

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே ஹைசுங்கை மூட்டினேன். உள்ளே விரைவில் சூடு பிடித்தது. தகரத்தில் அடைத்த ரின்மீனில் வைத்த குழம்பு கொதித்தது. ஆறு மணி இருக்கும். கொறற்றி கரண்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

"ஆர் குறட்டை விடுறது?"

அலுமாரிக்குக் கீழே, ஹைசுங் இருந்த பக்கமிருந்து வந்தது. நீளமாக இழுத்து, கொஞ்சம் நின்று, பிறகு விடுகிற மூச்சு.

"அது விசிறி சுத்துற சத்தம்," என்றேன்.

"ஆம்பிளை நித்திரை கொள்ளுற மாதிரிக் கிடக்கு."

"உனக்கு எல்லாம் ஆம்பிளைதான்," என்று பகிடி விட்டேன். விசிறி அப்படிச் சத்தம் போடாது என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் ஜன்னலில் தட்டினார்கள்.

டொக். டொக்.

நான் எழும்பினேன். கொறற்றி என் கையைப் பிடித்து இழுத்து இருத்தி, உதட்டில் விரல் வைத்தாள்.

இதைச் சொல்லாமல் என் கதை விளங்காது. இருட்டியபின் வெளியில் யாராவது கூப்பிட்டாலோ தட்டினாலோ மூன்றாம் தரம் வரை பதில் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆவிகளுக்கு மூன்றாம் தரம் ஏலாது. மூன்றாவதைத் தட்டுவது மனிதர்தான். கொறற்றி இதை ஹம்பேர்க்கிலும் விடவில்லை. மாரியில் நாலு மணிக்கே இருட்டிவிடும். தபால்காரன் இரண்டு தரம் மணி அடித்துவிட்டு, ஆளில்லை என்று மஞ்சள் துண்டு போட்டுவிட்டுப் போவான். பார்சல் எடுக்க நான்தான் தபால்கந்தோருக்கு நடப்பேன். லவினியா வீட்டுக்கு வந்தால் மூன்று தரம் சேர்த்து அடிப்பாள்.

நாங்கள் மூன்றாவதுக்காகக் காத்திருந்தோம்.

வரவில்லை.

கொஞ்ச நேரத்தின் பின் ரோச் லைற்றோடு வெளியே போனேன். புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அதில் எங்கள் காலடிகளைத் தவிர வேறு காலடி இல்லை. ஜன்னலின் வெளிப்பக்கத்துப் பனிப்படலத்தில் விரல் மூட்டளவில் இரண்டு பொட்டுகள் உருகியிருந்தன. குளிர்காற்றில் நின்றபோது, சாயந்தரம் முழுக்கத் தலையில் இருந்த பாரம் இறங்கியதை உணர்ந்தேன். அந்தப் பாரத்தைப் பயம் என்று நினைத்தேன். மெக்கானிக் என்று நெஞ்சை நிமிர்த்திய எனக்கு அது வேறு எதுவாகவும் தோன்றவில்லை.

அன்று நித்திரைக்குப் போகுமுன் ஹைசுங்கை நிறுத்திவிட்டேன். காஸ் மிச்சம் பிடிக்க என்று அவளிடம் சொன்னேன். உண்மையில் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுக்க எனக்கு மனம் வரவில்லை.

விடிய எழும்பியபோது கொறற்றி இருமிக்கொண்டிருந்தாள். தலையிடி என்றாள், ஒருதரம் சத்தியும் எடுத்தாள். "ரின்மீன் பழுது போல," என்றாள். ஆனாலும் வாத்துகள் எழும்புவதைப் பார்க்க அணைக்கு ஏறினாள். நானும் பின்னால் போனேன். கீழே வான் சின்னதாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில், ஜன்னலோடு ஒட்டினாற்போல், ஒரு சிவப்புப் புள்ளி. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இல்லை.

திரும்பி வந்து தேத்தண்ணி குடிக்கும்போது கொறற்றி புத்தகத்தை விரித்து என் பக்கம் தள்ளினாள்.

"இஞ்ச பாருங்கோ. இந்த வாத்துப் படத்துக்குப் பக்கத்தில எழுதியிருக்கிறதைப் பாருங்கோ."

பென்சில் எழுத்து. அந்த ஊரின் பெயர். 18.1.95.

"இதுக்குப் பிறகு முழுப் புத்தகத்திலயும் ஒண்டும் எழுதேல்லை. நான் எல்லாப் பக்கமும் பாத்திட்டன். இண்டைக்கும் பதினெட்டு." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உண்மையாச் சொல்லுங்கோ, இதை எங்க வாங்கினனீங்கள்?"

அதுதான் நேரம். வாயைத் திறந்து நாலு வசனம் சொல்லியிருந்தால் போதும், அன்றே வானைத் திருப்பியிருப்போம். ஆனால் முப்பத்திரண்டு வருடம் என் கைவேலையை நம்பி என்னோடு வந்தவளிடம், செத்த ஆக்களின் வண்டியில் கழற்றியது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"சந்தையிலதான்," என்றேன். "உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம்."

அவள் புத்தகத்தை மூடினாள்.

மத்தியானம் கடலில் இருந்து புகார் வெள்ளை மூட்டமாக ஏறியது. அணை மறைந்தது, பண்ணைவீடு மறைந்தது, பிறகு வானின் முன்மூக்குக்கூடத் தெரியவில்லை. வாத்துகளின் சத்தம் மட்டும் எங்கோ கேட்டது. சோறு சாப்பிட்டோம். கொறற்றிக்கு நடுக்கம் விடவில்லை. இரண்டு கம்பளிக்குள்ளும் பல்லடித்தது. நிலத்தில் இருந்த காற்றுத் துவாரத்தால் குளிர் வருகிறது என்றாள். அந்தத் துவாரத்தை அடைக்கக்கூடாது என்று கம்பனிக்காரன் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தான். நான் இடுப்பில் உடுக்கிற பழைய சாரம் ஒன்றை எடுத்து அதற்குள் திணித்தேன். ஜன்னலையும் இறுக்கினேன். ஹைசுங்கை முழுவதும் திருப்பிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் படுத்தேன். சோறு தின்ற மயக்கம் என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

டொக். டொக்.

கண் திறந்தபோது ஜன்னல் சாம்பல் நிறத்தில் இருந்தது. மணிக்கூடு நாலே முக்கால் என்றது. முட்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. தலைக்குள் யாரோ சுத்தியலால் அடித்தார்கள்.

அலுமாரிக்குக் கீழே குறட்டை. நீளமாக, நிம்மதியாக.

டொக். டொக்.

"திறக்காதேங்கோ," என்றாள் கொறற்றி. கண் மூடியே இருந்தது. என் மணிக்கட்டை மட்டும் பிடித்திருந்தாள். "மூண்டாவது வரட்டும்."

நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. பிறகு ஒன்றுமில்லை. திரும்பவும் ஒன்று, இரண்டு. ஒவ்வொரு தரமும் இரண்டாவது கொஞ்சம் மெலிந்து வந்தது.

தலையைத் திருப்பினேன்.

கண்ணாடியோடு ஒட்டி ஒரு முகம் நின்றது.

சிவப்புத் தொப்பி. சுருங்கிய கன்னங்கள். வாய் திறந்து திறந்து மூடியது. அத்தனை குளிரில் அத்தனை கிட்ட நின்று பேசுகிறவளின் மூச்சு கண்ணாடியில் படிய வேண்டும்.

படியவில்லை.

எனக்குச் செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. கம்பளிக்குள் ஒளியப் பார்த்தேன். என் கை அசையவில்லை. கால் என்னுடையதாக இல்லை. அவளுடைய கண் என்னையும் பார்க்கவில்லை, கொறற்றியையும் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால், குறட்டை வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். ஹைசுங்கின் சின்னக் கண்ணாடி வழியாகச் சுவாலை தெரிந்தது. நீலமாக எரியவேண்டிய சுவாலை.

மஞ்சளாக எரிந்தது.

என் மூளையில் மிச்சமிருந்த மெக்கானிக் அப்போதுதான் எழும்பினான். தலையிடி. சத்தி. ஏலாத கை கால். நான் பசை வைத்த வெடிப்பு, நான் திணித்த சாரம். பேயைக் கண்டு வந்த பயம் போய், அதைவிடப் பெரிய பயம் வந்தது. கொறற்றியின் பிடி என் மணிக்கட்டில் இருந்து தானாகக் கழன்றது.

"கொறற்றி!"

பதில் இல்லை. உதடு இரண்டும் சாயம் பூசினதுபோல் சிவந்திருந்தது.

கட்டிலில் இருந்து விழுந்தேன். கதவு இரண்டு எட்டுத் தூரம். வயிற்றால் இழுபட்டுப் போனேன். தாழ்ப்பாள் மூன்றாம் தரம் இழுத்தபோதுதான் விட்டது. கதவோடு சேர்ந்து வெளியே புல்லில் விழுந்தேன். குளிர் மூக்குக்குள் கத்திபோல ஏறியது. அந்த ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு, அவளை எடுக்கத் திரும்பினேன்.

கதவு என் பின்னால் சாத்திக்கொண்டு வந்தது.

சாவி உள்ளே. அடித்துச் சாத்தினால் வெளியிலிருந்து திறக்காத கொழுவி. மூன்று மாதமாக நான் திருத்தாத கொழுவி.

எட்டிப் பிடிக்க எனக்கு நேரம் போதவில்லை.

கதவு மூடவில்லை. ஒரு விரல் இடைவெளியில் நின்றது. அதன் விளிம்பை ஒரு சிவப்புக் கம்பளிக் கையுறை பிடித்திருந்தது. கையுறைக்கு மேலே புகார்தான் இருந்தது.

நான் அந்தக் கையுறைக்குப் பக்கத்தில் என் கையை வைத்துக் கதவை இழுத்தேன். உள்ளே போனேன், கொறற்றியின் கமக்கட்டில் கைபோட்டு வெளியே இழுத்தேன். முதுகு போனவன் எப்படித் தூக்கினேன் என்று டொக்டர்கள் பிறகு கேட்டார்கள். அந்த நேரம் வயல் முழுக்க இருந்த வாத்துகள் ஒரே மூச்சில் எழும்பின. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பிறாவ் ஹான்சன் விளக்கோடு ஓடிவந்தாள். அம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கொறற்றியின் முகத்தில் ஒட்சிசன் மூடி இருந்தது. வெளியே நடையில், கையில் கோப்பியோடு, பிறாவ் ஹான்சன் முன்னமே சொல்லியிருக்கவேண்டியதைச் சொன்னாள்.

இரண்டு வருடத்துக்கு முன், அதே திகதி. அதே இடத்தில் ஒரு வயதான புருசன் பெண்சாதி. ஹைசுங்கின் புகை உள்ளே கசிந்தது. மனுசிதான் முதலில் எழும்பி எப்படியோ கதவைத் திறந்து வெளியே விழுந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. கணவன் உள்ளே நித்திரை. அவனை எழுப்ப அவள் ஜன்னலில் தட்டியிருக்கிறாள். அடுத்த நாள் விடிய, உறைந்த கை கண்ணாடியில் இருக்க, அவளை அப்படியே கண்டெடுத்தார்கள்; உள்ளே கணவனும் செத்திருந்தான்.

"அவர் குறட்டை விட்டு நித்திரை கொள்ளுகிறவர்," என்றாள் பிறாவ் ஹான்சன். "அந்த அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

கொறற்றிக்குப் பேச்சு வந்த அன்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். யாட், சிறீதரன் சொன்னது, ஹைசுங், வெடிப்பு, புத்தகம். பிறாவ் ஹான்சன் சொன்னதையும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் அவ்வளவு முழுதாகச் சொன்னதில்லை. அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"நான் வாழ்நாள் முழுக்கப் பிழையா விளங்கி வைச்சிருக்கிறன்," என்றாள் கடைசியில். "மூண்டாவது தட்டாதது அவ பேய் எண்டதால இல்லை. மூண்டாவது தட்ட அவவுக்கு உயிர் காணேல்லை."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்த மனுசனைக் கழற்றிக்கொண்டு வந்தது நீங்கள். அவ அவரைத் தேடித்தான் வந்தவ. அவவுக்குப் பதில் சொல்லுற வரைக்கும் நான் வீட்டுக்கு வரமாட்டன்." சொன்னபடி லவினியாவின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். ஹைசுங்கைத் திரும்ப அந்தப் பழைய வண்டியில் பூட்டிவிடலாம் என்று சிறீதரனிடம் ஓடினேன்.

"அதை நத்தார்ப் பண்டிகைக்கு முன்னமே நசுக்கிப் போட்டாங்களே அண்ணை," என்றான்.

ஹைசுங்கைப் பெரிய சுத்தியலால் துண்டு துண்டாக அடித்தேன். வானையும் அவனிடமே உடைக்கக் கொடுத்தேன். புத்தகத்தை மட்டும் எறிய மனம் வரவில்லை. கொறற்றி அதைத் தேடினால் என்ன சொல்வது என்று படுக்கையறை மேசையில் வைத்தேன்.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு, வெறும் வீட்டில், எங்கள் கட்டிலில் இருந்து குறட்டை கேட்டது.

எட்டிப் பார்த்தேன். விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. என் பக்கத்தில் மட்டும் மெத்தை கொஞ்சம் பதிந்திருந்தது.

பிறகு ஜன்னல்.

டொக். டொக்.

எங்கள் வீடு நாலாம் மாடியில் இருக்கிறது.

மூன்று கிழமை அதைத் தாங்கினேன். ஒவ்வொரு பின்னேரமும் ஐந்து மணிக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய், சனத்துக்கு நடுவே வாங்கில் இருந்தேன். கடைசியில் லவினியாவின் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, என்னால் தனியே ஏலாது என்று கொறற்றியிடம் சொன்னேன். அறுபத்திரண்டு வயதில் நான் அழுத முதல் தரம் அது.

அவள் வந்தாள். மேல்கோட்டைக் கழற்றினாள், குசினியில் குவிந்து கிடந்த கோப்பைகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் இஞ்சதான் நிக்கிறன். கழுவிக்கொண்டு நிக்கிறன், சத்தம் கேக்கும்," என்றாள். "நீங்கள் போங்கோ."

படுக்கையறைக்குள் போனேன். லைற் போடவில்லை. கட்டிலில் குறட்டை இழுத்தது. ஜன்னலுக்கு வெளியே நகரத்து வெளிச்சமும் அதற்கு மேலே இருட்டும்.

டொக். டொக்.

குசினியில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குக் கிட்டப் போனேன். அங்கே முகம் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் இரண்டு பொட்டுகள் மட்டும்.

விரலை மடித்து, உள்ளே இருந்து, அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு தரம் தட்டினேன்.

டொக்.

குறட்டை நின்றது.

என் முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ எழும்பி இருந்தார்கள்.

நான் திரும்பவில்லை. ஜன்னலை முழுதாகத் திறந்தேன். பெப்ரவரிக் காற்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. அதில் கடல் மணமும் ஈரக் கம்பளியின் மணமும் இருந்தன. "மன்னியுங்கோ," என்று தமிழில் சொன்னேன். ஜெர்மன் சொல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். எல்லாம் முடிந்தது, அவர்கள் போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

கட்டில் திரும்பவும் கிறீச்சிட்டது. இந்த முறை இரண்டு பேருடைய பாரம்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. தட்டுகிற சத்தம் பிறகு கேட்டதேயில்லை. கொறற்றி இப்போது முதல் மணிக்கே ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறாள், தபால்காரன் பயந்துபோகிறான். நாங்கள் இரண்டு பேரும் முன்னறையில் நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிறோம். முதுகுக்கு நல்லது என்று லவினியாவுக்குச் சொல்லியிருக்கிறோம். காலையில் நான் படுக்கையறைக்குள் போய் விரிப்பை இழுத்து, மெத்தையில் பக்கத்துப் பக்கத்தில் பதிந்திருக்கிற இரண்டு பள்ளங்களையும் தட்டிச் சமப்படுத்துகிறேன். கொறற்றி மேசையில் இருக்கும் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறாள். நேற்று அதில் வாத்துப் படத்துக்குப் பக்கத்தில், பழைய குறிப்புக்குக் கீழே, அதே பென்சில் எழுத்தில் எங்கள் தெருவின் பெயர் இருந்தது.